துளசியைச் சுற்றி மூன்று மேசை

போன மாதம் பேத்தியின் பிறப்புச் சான்றிதழுக்காக ஓர் அலுவலகத்துக்குப் போயிருந்தேன். தரையில் மஞ்சள் அம்புக்குறி ஒட்டியிருந்தார்கள். அதைப் பார்த்தபடியே போய்க் காகிதத்தைக் கொடுத்துவிட்டு வந்தேன். வேலை முடிந்தும் வீட்டுக்குப் போக மனமில்லை. ஓரமாக நின்று, வருகிறவர்கள் எந்தப் பக்கம் திரும்புகிறார்கள் என்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன். காவலாளி இரண்டு தடவை முறைத்தார். என் வியாதி அவருக்கு எப்படித் தெரியும்!

இந்த வியாதி எனக்குத் தொற்றியது தென்காசியில், ஐம்பதுகளின் கடைசியில். பத்திரம் எழுதும் வக்கீல் ஒருவரிடம் தற்காலிகமாகச் சேர்ந்திருந்தேன். அப்பா இல்லாத வீடு. நான் சம்பாதித்தால்தான் அடுப்பு எரியும். வக்கீலின் பழைய வீட்டு முற்றத்தைச் சுற்றியிருந்த தாழ்வாரம்தான் ஆபீஸ். முற்றத்து நடுவில் துளசி மாடம். மூலப்பத்திரம் பார்க்க ஒரு மேசை, எழுத ஒன்று, கையெழுத்தோ கைநாட்டோ வாங்க இன்னொன்று, எல்லாம் போட்டது போட்டபடி கிடக்கும். வாசலில் நின்று “அங்கன போங்க, இங்கன வாங்க” என்று கத்துவதுதான் என் உத்தியோகம். சாரல் காலத்தில் கேட்கவே வேண்டாம். முற்றத்தில் மழை, தாழ்வாரத்தில் சனம், எங்கும் ஈரக்குடை. ஒருநாள் நெரிசலில் கைநாட்டு மை முழுவதும் ஒருவர் வேட்டியில் கொட்டிவிட்டது.

“ஆறு மாசம் பாப்போம்வே. இந்தக் கூட்டத்த ஒழுங்கு பண்ணிட்டீருன்னா நீரு நிரந்தரம்” என்றார் வக்கீல்.

அந்த ஞாயிற்றுக்கிழமை குற்றாலத்துக்குப் போனேன். குளிக்கத்தான் போனேன். ஆனால் உடம்பெல்லாம் நல்லெண்ணெய் வழியப் படியில் உட்கார்ந்து, அருவிக்குள் நுழைகிறவர்களையும் வெளியே வருகிறவர்களையுமே பார்த்துக்கொண்டிருந்தேன். நுழைந்த பக்கமே திரும்புகிறவன் எதிரே வருகிறவன்மேல் மோதி வசவு வாங்குகிறான். மறுபக்கமாக இறங்குகிறவன் சத்தமில்லாமல் போய்விடுகிறான். அட, இவ்வளவுதானா! சந்தோஷம் தாங்கவில்லை. குளிக்காமலே எண்ணெய்த் தலையோடு பஸ் ஏறிவிட்டேன். என் பக்கத்தில் உட்கார ஒருவரும் வரவில்லை.

மறுநாள் சீக்கிரமே போய் மேசைகளை மூன்று பக்கமும் வரிசையாகப் போட்டேன். தலைவாசல் வழியாக வந்து, வலப்பக்கம் திரும்பி, முற்றத்தைச் சுற்றி மூன்று மேசையும் முடித்து, சந்துப்பக்கக் கதவு வழியாக வெளியேற வேண்டியது. சுண்ணாம்பால் கோடும் போட்டாயிற்று. வலப்பக்கம் திரும்புவது மங்களகரம் வேறு என்று எனக்குப் பெருமை.

முதலில் வந்தவர் கடையத்துப் பெரியவர் ஒருவர். கல்யாணத்துக்கு முன்னால் மகள் பேருக்கு வயலை எழுதிவைக்க, மகளையும் கூட்டி வந்திருந்தார். கோட்டைப் பார்த்தார், துளசியைப் பார்த்தார், நின்றுவிட்டார்.

“தம்பி, நல்ல காரியத்துக்கு வந்திருக்கோம். தொளசிய எடஞ்சுத்திப் போகச் சொல்லுதீயளே, இங்கன என்ன எழவா விழுந்திருக்கு?”

“வலப்பக்கமாத்தானே அண்ணாச்சி போகச் சொல்லுதேன்?”

மகள் சிரித்துவிட்டாள். “வலம்னா தொளசி நமக்கு வலப்பக்கம் இருக்கணும்லா? நீங்க சொன்னபடி போனா எடப்பக்கம்லா வருது!”

கோயிலைச் சுற்றியே வளர்ந்தவன் நான். எத்தனை தடவை வலம் வந்திருப்பேன்! இடப்பக்கம் திரும்பினால்தான் வலம் வரமுடியும் என்று அன்றுவரை யோசித்ததே இல்லை. அதற்குள் பெரியவர் இடப்பக்கமாகக் கிளம்ப, பின்னால் வந்தவர்கள் கோட்டின்படி வர, இரண்டு கூட்டமும் நடு மேசையருகே முட்டிக்கொண்டு நின்றது. வக்கீல் எழுந்து வந்து, “என்னவே இது?” என்றார். என் வேலை போயிற்று என்றே நினைத்தேன். 

ஓடிப்போய்ச் சந்துக்கதவை அகலத் திறந்தேன். “எல்லாரும் இப்படி உள்ள வாங்க! தலவாசல் வழியாப் போங்க!” முதல் மேசையும் கடைசி மேசையும் இடம் மாறின, பெரியவரே ஒரு முனையைப் பிடித்துத் தூக்கினார். இப்போது துளசி எல்லாருக்கும் வலப்பக்கம். போகும்போது தலைவாசல் வழியாகப் போவதில் அவருக்கு இரட்டைத் திருப்தி. அன்று மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்பே கூட்டம் கரைந்துவிட்டது.

அதன்பிறகு நான் கத்தவே வேண்டியிருக்கவில்லை. யார் எங்கே தயங்குகிறார்கள், குடையை எங்கே வைக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டே நிற்பேன். ஆறாம் மாதம் வக்கீல் கூப்பிட்டபோது சலவைச் சட்டை போட்டுக்கொண்டு போய் நின்றேன்.

“அருமையாப் பண்ணிட்டீருவே. வாசல்ல ஆளே இல்லாம சனம் தானாப் போகுது. நீரு வேற எடம் பாத்துக்கிடும்.”

வேறு இடம் கிடைத்தது, ஓய்வும் பெற்றாயிற்று. அந்த வீட்டை இடித்துக் கடைகள் கட்டிவிட்டார்கள். முற்றம் இல்லை, சந்தும் இல்லை. எந்தப் பக்கமாகச் சுற்றுகிறோம் என்று நின்று கேட்கிற சனமும் இல்லை. அந்த வீட்டுக்குள் நான் கடைசியாக நடந்த நடை மட்டும் அப்படியே நினைவிருக்கிறது. அழுகையை அடக்கிக்கொண்டு, நான் போட்ட கோட்டின்மேலேயே நடந்து வெளியே வந்தேன். அவ்வளவு கூட்டத்திலும் ஒருவர்கூட என்மேல் இடிக்கவில்லை.