கோச்சிக்காத கோச்

எண்பதுகளின் தொடக்கத்தில், ஜமுனாமரத்தூரிலிருந்து போளூருக்கு இறங்கும் பஸ்ஸில் அவர் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். நல்ல உயரம், முழங்கால் முன்சீட்டில் இடித்தது. கழுத்தில் தொங்கிய விசிலை வளைவுக்கு வளைவு வாயில் வைப்பார், ஆனால் ஊதமாட்டார்.

"சாருக்கு இன்னா வேலை?" என்று கேட்டார் கண்டக்டர்.

"காலேஜ்ல பாஸ்கெட்பால் அசிஸ்டென்ட் கோச்."

"கோச்சா? யாராண்ட கோச்சிக்கினீங்க?"

பஸ்ஸே சிரித்தது. அவரும்தான். "யாராண்டயும் கோச்சிக்கலங்க. அதான் இத்தினி வருசமா அசிஸ்டென்ட்டாவே இருக்கேன்."

பையன்களோடு மலையில் பயிற்சி முகாமுக்கு வந்திருந்தாராம். ஓய்வுபெற்ற தலைமைக் கோச்சின் இடத்துக்கு வெளியாளைப் போடப்போவதாகத் தகவல் வந்ததும், பிரின்சிபாலிடம் நியாயம் கேட்கக் கிளம்பிவிட்டார்.

"இன்னிக்காச்சும் நல்லா கோச்சிக்கினு கேளுங்க சார்," என்றார் கண்டக்டர்.

"கேக்கத்தான் போறேன்," என்று விறைப்பாக எழுந்தவர், கூரையில் தலையை இடித்துக்கொண்டார்.

போளூரில் இறங்கும்போது ஓர் அம்மாவின் புளி மூட்டை அவர் காலில் விழுந்தது. அவரே அதைத் தூக்கிக் கொடுத்தார்.

"கோச்சிக்காதீங்கம்மா, என் கால் குறுக்க வந்துடுச்சு."

அந்தப் பதவி அவருக்குக் கிடைத்ததா, தெரியாது. பந்தைத் தொட்டே பார்க்காத எனக்கு, அவரிடம் போய் விளையாட வேண்டும் போலிருந்தது.