காசு கொடுத்துப் பார்த்து வந்த தீவுகள்

தீவு என்ற சொல்லை எங்கள் ஆட்கள் இரண்டு விதமாகச் சொல்வார்கள். கிரேக்கத் தீவு என்றால் வாயில் சீனி ஊறும். யாழ்ப்பாணத்துத் தீவு என்றால் அதே வாய் கோணும். இரண்டையும் ஒரே வீட்டில், ஒரே பின்னேரத்தில் கேட்கும் பாக்கியம் எனக்குக் கிடைத்தது. நினைத்தால் இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது.

நானும் கணவரும் நெடுந்தீவு. யாழ்ப்பாணத்திலிருந்து பஸ்ஸில் போய், பிறகு வள்ளத்தில் ஏறிப் போகவேண்டிய இடம். கணவர் சில வருடம் ஜெர்மனியில் இருந்துவிட்டு லண்டனுக்கு வந்து, மிச்சம் என்ற பகுதியில் ஒரு கடை எடுத்தார். எங்களுக்கு ஒரே மகள். யூனிவர்சிட்டியில் கூடப் படித்த பையன் ஒருவனை அவள் விரும்பினாள். படிப்பு முடிந்து இரண்டு பேரும் வேலைக்குப் போன பிறகும் அந்த விருப்பம் அப்படியே இருந்தது. பையனின் வீடு லண்டனின் மறுகோடியில், ரெய்னர்ஸ் லேனில். தகப்பன் கணக்காளர், தாய் பள்ளிக்கூடம் ஒன்றில் வேலை. யாழ்ப்பாணத்து ஆட்கள் என்று தெரிந்ததும் கணவருக்குத் தலைகால் புரியவில்லை. எனக்குத்தான் அடுத்து வரப்போகும் கேள்வி தெரிந்திருந்தது.

கிரீசில் ஒலிம்பிக் நடந்து முடிந்த அடுத்த வருடக் கோடை அது. பையனின் பெற்றோர் தங்கள் கலியாண நாளுக்கென்று மகனையும் கூட்டிக்கொண்டு கிரேக்கத் தீவுகளைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்திருந்தார்கள். வந்த கையோடு எங்களைத் தேத்தண்ணிக்கு அழைத்தார்கள். தேத்தண்ணி என்பது பெயருக்குத்தான், சம்பந்தம் பேசத்தான் கூப்பிடுகிறார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். மகள் அன்றைக்குச் சேலை உடுத்தினாள். நான் சொல்லாமல் அவள் சேலை உடுத்தி நான் கண்டதில்லை.

ட்ராமில் விம்பிள்டன் போய் ரயில் ஏறினோம். மகள் தள்ளி இருந்தாள். கணவர் என் பக்கம் சரிந்து மெதுவாகச் சொன்னார்.

"எவடம் எண்டு கேட்டால் நீர் வாய் திறவாதையும். நான் சொல்லுறன்."

"என்ன சொல்லப் போறியள்?"

"யாழ்ப்பாணம், டவுன் பக்கம். நாங்கள் ரெண்டுபேரும் பிறந்தது யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரியிலதானே. பொய் இல்லையே."

எவடம் என்றால் எந்த இடம். எங்கள் ஆட்கள் பெயரைக் கேட்க முதல் இதைத்தான் கேட்பார்கள். வருகிற பதிலை வைத்து மிச்சம் எல்லாவற்றையும் அளந்துவிடுவார்கள். தீவுப் பக்கம் என்றால் தீவார் என்று ஒரு சொல் வைத்திருக்கிறார்கள். அதை எப்படிச் சொல்வார்கள் என்று கேட்டவர்களுக்குத் தெரியும். நாங்கள் டவுன் ஆஸ்பத்திரியில் பிறந்ததற்குக் காரணம், தீவில் வசதி இல்லாததால் எங்கள் தாய்மாரை நோவோடு வள்ளத்தில் ஏற்றிக் கொண்டுபோனதுதான். அந்த நோவைக் கொண்டுவந்து இவர் இப்போது விலாசமாக்கப் பார்க்கிறார். எனக்குச் சொல் வாய்வரை வந்தது. மகளின் முகத்தைப் பார்த்துவிட்டு அடக்கிக்கொண்டேன்.

வீட்டுக்குள் போனதும் நல்ல மாதிரித்தான் வரவேற்றார்கள். ரோல்ஸ், வடை, கேக் எல்லாம் மேசையில் இருந்தன. நான் கொண்டுபோன பயத்தம் பணியாரத்தைப் பையனின் தாய் வாங்கிச் சமையலறைக்குள் வைத்தார். பையன் டிஜிட்டல் கமராவை வயரில் பெரிய டீவியோடு கொழுவினான். மகள் அவனுக்குப் பக்கத்தில் இருந்தாள். படம் ஓடத் தொடங்கியது.

முதலில் சண்டோரினி. மலை விளிம்பில் வெள்ளை வீடுகள், நீலக் கூரைக் கோயில்கள், கீழே கடல். துறைமுகத்திலிருந்து மேலே ஏறப் படிகள். படியில் கழுதைகள். அதில் ஒன்றின் முதுகில் பையனின் தாய், தொப்பியும் கறுப்புக் கண்ணாடியுமாக. ஊரில் யாராவது கழுதை என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் பரம்பரைப் பகையாக்கியிருப்பார். அங்கே காசு கொடுத்து ஏறிச் சிரித்துக்கொண்டிருந்தார்.

பிறகு நக்சோஸ். துறைமுகத்துக்குப் பக்கத்தில் மேட்டில் ஒரு பெரிய கல் வாசல் மட்டும் தனியாக நின்றது. கட்டி முடிக்காத கோயிலின் வாசலாம். பின்னால் பொழுது படுகிறது. அழகுதான், நான் இல்லை என்று சொல்லவில்லை. தோட்டங்களுக்கு நடுவே சாந்து பூசாமல் கல்லுக்குமேல் கல் அடுக்கிய மதில்கள் வந்தபோது பையனின் தாய் நெஞ்சில் கை வைத்தார்.

"பாருங்கோ, சீமெந்து ஒண்டும் இல்லை. சும்மா அடுக்கினது. எத்தினை காலமாய் நிக்குது! தீவெண்டால் இதுதான் தீவு."

எங்கள் தீவு முழுக்க முருகைக்கல்லை, அதாவது பவளப்பாறைக் கல்லை, அப்படித்தான் அடுக்கி மதில் கட்டியிருக்கிறார்கள். எங்கள் தீவைச் சொர்க்கம் என்று நான் சொல்ல வரவில்லை. உவர்த் தண்ணீர், ஆடி மாதக் காற்றில் கண்ணுக்குள் மணல், காய்ச்சல் வந்தால் கடல் தாண்ட வேண்டும். விட்டால் போதும் என்று ஓடி வந்தவள்தான் நான். ஆனால் மதில் மதில்தானே. சொல்ல வந்ததை வடையோடு சேர்த்து விழுங்கினேன்.

மிக்கோனோஸில் காற்றாலைகள் வந்தன. அங்கிருந்து வள்ளத்தில் டேலோஸ். அங்கே ஆட்கள் குடியில்லை, கல்லில் செதுக்கிய சிங்கங்களும் இடிந்த தூண்களும்தான். தகப்பன் எழும்பி டீவிக்குப் பக்கத்தில் போய் நின்று விளக்கம் சொன்னார்.

"இது புனிதமான தீவு. இஞ்ச ஒருத்தரும் பிறக்கவும் கூடாது, சாகவும் கூடாது எண்டு அந்தக் காலத்தில சட்டம். பிள்ளைத்தாச்சியளைப் பக்கத்துத் தீவுக்கு வள்ளத்தில கொண்டுபோவினமாம். எப்பிடி யோசிச்சிருக்கிறாங்கள் பாருங்கோ!"

வள்ளத்தில் போகும் பிள்ளைத்தாச்சியைப் பற்றி எனக்கு விளக்கம் தேவைப்படவில்லை. என் தாய் அப்படி ஒரு வள்ளத்தில் பல்லைக் கடித்துக்கொண்டு வந்ததைப் பற்றி ஒருவரும் எழும்பி நின்று பேசியதில்லை. கணவரைப் பார்த்தேன். அவர் கையில் இருந்த ரோல்ஸை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த படத்தில் துறைமுகம். அந்த ஊர்ச் சனம் பெட்டி மூட்டைகளோடு கப்பலில் ஏற நெருக்கியடித்துக்கொண்டு நின்றது.

"இதைப் பாருங்கோ," என்று பையனின் தாய் சிரித்தார். "இடிச்சுத் தள்ளிக்கொண்டு, கத்திக்கொண்டு... எங்கட தீவார் மாதிரியே!"

தகப்பன் சிரித்தார். பையன் சிரித்தான். கணவரும் சிரித்தார். அவர்கள் சிரித்ததை நான் பொறுத்திருப்பேன். இந்த மனுசனும் சேர்ந்து பல்லைக் காட்டியபோது எனக்கு உச்சந்தலையில் சுள்ளென்றது. தன்னைப் பெற்றவளையும் என்னைப் பெற்றவளையும் ஒரு ரோல்ஸுக்கு விற்றுவிட்டு இருக்கிறார்.

சிரிப்பு அடங்க, பையனின் தாயிடமிருந்து அந்தக் கேள்வி வந்தது.

"அதுசரி, நீங்கள் யாழ்ப்பாணத்தில எவடம்?"

"டவுன் பக்கம்," என்றார் கணவர்.

"டவுனில எவடம்?"

"ஆஸ்பத்திரியடி."

"ஆஸ்பத்திரியடியில எவடம்? என்ர தமையன் அங்கதானே வீடு வச்சிருந்தவர்."

கணவருக்கு வேர்த்தது. இனி எந்த வார்டு, எந்தக் கட்டில் என்றும் கேட்பார்கள் போலிருந்தது.

"நாங்கள் நெடுந்தீவு," என்றேன். "ரெண்டு பேரும் நெடுந்தீவு. ஆஸ்பத்திரியில பிறந்தது மட்டும்தான்."

டீவியில் கப்பல் படம் மாறாமல் அப்படியே நின்றது. பையனின் தாய் கோப்பையைத் தட்டில் வைத்தார்.

"அப்பிடியே... நெடுந்தீவோ. நல்ல உழைப்பாளியள்."

"குதிரை இருக்கெல்லே அங்க?" என்றார் தகப்பன்.

"ஓம், குதிரை இருக்கு. பழைய கோட்டை இருக்கு. சீமெந்து இல்லாத மதிலும் இருக்கு. நீங்கள் போய்ப் பாத்தனீங்களோ?"

"எங்க போறது," என்றார் தாய். "அதுக்கு வள்ளத்தில எல்லோ போகவேணும். வயித்தைப் பிரட்டிச் சத்தி வருமாம்."

டேலோஸுக்கு இவர்கள் எதில் போனார்கள், பறந்தா போனார்கள்? கேட்க வாய் உன்னியது. மகள் என்னைப் பார்த்தாள். நான் தேத்தண்ணிக் கோப்பையை எடுத்துக் குடித்தேன். அதற்குப் பிறகு காலநிலையைப் பற்றியும் ரயிலைப் பற்றியும் பேசினோம். மகளைப் பற்றி ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை.

திரும்பி வரும்போது கணவர் பிளாட்பாரத்திலேயே தொடங்கிவிட்டார்.

"பிள்ளையின்ர வாழ்க்கையில மண் அள்ளிப் போட்டீர். ஒரு சொல்லை விழுங்கியிருந்தால் என்ன?"

"இண்டைக்கு விழுங்கலாம். கலியாணத்துக்கு எங்கட சனம் வரேக்க எங்க ஒளிக்கிறது? உங்கட தமக்கையையும் ஆஸ்பத்திரியடி எண்டு சொல்லச் சொல்லுவியளோ?"

ரயில் வந்தது, ஏறினோம். மகள் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். அவளுக்காகத்தான் பயந்தேன். எனக்காக இல்லை.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை பையனின் தாய் போன் எடுத்தார். குரலில் தேன்.

"குறை நினையாதேங்கோ. எங்களுக்கு நல்ல விருப்பம். சாதகம்தான் பொருந்தேல்லையாம்."

"எந்தச் சாதகம்?" என்றேன். "நாங்கள் இன்னும் தரவே இல்லையே."

அவர் தொண்டையைச் செருமினார்.

"இல்லை... பொதுவாய்ப் பாத்தது."

பொதுவாய்ப் பார்த்ததாம்! பிறந்த நேரம் தெரியாமல், நட்சத்திரம் தெரியாமல், ஊரின் பெயரை மட்டும் வைத்துக் கட்டம் போட்ட சாத்திரி யார் என்று கேட்டேன். போனை வைத்துவிட்டார். நானும் ஆத்திரத்தில் போனை அடித்து வைத்தேன். திரும்பினால் மகள் பின்னால் நின்றாள். எல்லாம் கேட்டிருந்தாள்.

அவள் அழவில்லை. அவளுக்கு ஒரு நம்பிக்கை இருந்தது. "அவனுக்கு இது தெரிஞ்சிருக்காது அம்மா. தெரிஞ்சால் விடமாட்டான்," என்று சொல்லிக்கொண்டு தன் போனோடு மேலே போனாள். கணவர் கடையைப் பூட்டிவிட்டு வந்து படிக்கட்டின் அடியில் நின்றார். என்ன என்று கண்ணால் கேட்டார். நானும் மேலேதான் பார்த்துக்கொண்டிருந்தேன். கதவுக்குப் பின்னால் ஆங்கிலத்தில் ஏதோ கேட்டது. பிறகு அதுவும் நின்றது.

நெடுநேரம் கழித்து இறங்கி வந்தாள். முகம் கழுவியிருந்தாள், கண் சிவந்துதான் இருந்தது. தகப்பனைப் பார்க்காமல் என்னைப் பார்த்துச் சொன்னாள்.

"சாதகம் எண்டு சொல்லுங்கோ எண்டு அவன்தானாம் அம்மா, தாய்தகப்பனுக்குச் சொல்லிக் குடுத்தவன். அப்பிடிச் சொன்னால் எங்களுக்கு நோகாதாம்."