அக்காவுக்கு விழுந்த பதினான்கு பிள்ளையார் சுழிகள்

அக்காவின் முப்பத்தோராம் நாள் வீட்டுக்கிருத்தியத்திற்கு வந்து, இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவுகளுக்கும் நண்பர்களுக்கும் அவரது ஒரே தம்பியின் வணக்கம். அழுதுகொண்டு எழுதினால் அக்காவுக்குப் பிடிக்காது. அதனால் முடிந்தவரை சிரித்துக்கொண்டே எழுதுகிறேன். இடையிடையே முடியாமற் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அக்கா பிறந்தது யாழ்ப்பாணத்து மட்டுவிலில். அப்பா தபாற்கந்தோரில் வேலை, அம்மா வீட்டோடு. எனக்கும் அக்காவுக்கும் ஐந்து வயது வித்தியாசம். சிறு வயதிலிருந்தே அவருக்குப் பொய் வராது. அதனால் அடி வாங்கியதெல்லாம் நான்தான். வயிற்றுவலி என்று பள்ளிக்கூடம் போகாமல் நின்ற ஒருநாள் வாத்தியார் வீட்டுக்கே வந்து விசாரித்தார். அக்கா அவரை மரியாதையாகக் கதிரையில் இருத்தி, தண்ணீர் கொடுத்து, "தம்பிக்குச் சுகமில்லை சேர், மாமரத்திலை நிக்கிறான்" என்றார். இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னார்.

நாட்டு நிலைமை எங்களை ஜேர்மனிக்குத் துரத்தியது. முதலில் அத்தானும் அக்காவும் வந்தார்கள், பிறகு என்னைக் கூப்பிட்டார்கள். அகதி முகாமில் ஒரே அறைக்குள் மூன்று குடும்பங்கள் இருந்த காலத்தைப் பற்றி அக்கா ஒருநாளும் குறையாகச் சொன்னதில்லை. வேலை செய்ய அனுமதி கிடைத்ததும் ஹோட்டல் குசினியில் கோப்பை கழுவினார். நாற்பதை எட்டிப் பிடிக்கும் வயதில், பதினெட்டு வயதுப் பிள்ளைகளோடு வகுப்பு வாங்கில் இருந்து முதியோர் பராமரிப்புக்கு அவுஸ்பில்டுங் என்ற தொழிற்பயிற்சியைப் படித்து முடித்தார். டார்ம்ஸ்டாட்டிலிருந்து பஸ்ஸில் அரை மணி நேரத் தூரத்தில் இருக்கும் எங்கள் ஊரின் முதியோர் இல்லத்தில் அன்று தொடங்கிய வேலையை, நோய் வந்து படுக்கும்வரை அவர் விடவில்லை. இந்த ஊரில் பாதிப் பேரின் தாய்மாருக்கு அக்கா சோறு ஊட்டியிருக்கிறார். சோறு என்பது பேச்சுக்கு, ஊட்டியது உருளைக்கிழங்கு மசியல்.

அந்த வேலையில் அக்காவுக்கு இருந்த ஒரே கோபம் பஸ் மேல். காலை வேலை ஆறு மணிக்குத் தொடங்கும். டார்ம்ஸ்டாட் பக்கத்திலிருந்து வரும் முதல் பஸ் ஆறு இருபதுக்குத்தான் வந்து சேரும். வேலைக்கு வரும் பெண்கள் புருஷனை எழுப்பிக் காரில் வரவேண்டும், இல்லாவிட்டால் சைக்கிள். அக்காவோடு வேலை செய்த ஒரு பிள்ளை பனியில் சைக்கிளோடு சறுக்கி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டாள். அக்கா பஸ் நிர்வாகத்துக்குக் கடிதம் எழுதினார். 'உங்கள் கருத்தைக் கவனத்தில் எடுத்திருக்கிறோம்' என்று பதில் வந்தது. மூன்று முறை எழுதினார், மூன்று முறையும் கவனத்தில் எடுத்தார்கள்.

இந்த நேரத்தில்தான் ஊர்ச்சபைத் தேர்தல் வந்தது. ஓய்வுபெற்ற ஆசிரியை ஹெல்கா, கட்சி சாராத வாக்காளர் குழு ஒன்றை நடத்திக்கொண்டிருந்தார். அவருடைய தாயார் அக்காவின் பராமரிப்பில் இருந்தவர். ஒருநாள் வீட்டுக்கு வந்து, வேட்பாளர் பட்டியலில் கடைசி இடம் காலியாக இருக்கிறது, பெயரை மட்டும் தந்தால் போதும், வெல்ல வேண்டி வராது, பயப்பட வேண்டாம் என்று சொல்லிக் கேட்டார்.

"வெல்ல வேண்டி வந்தால்?" என்று கேட்டார் அக்கா.

ஹெல்கா சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை. சபையில் ஒரு கதிரை கிடைத்தால் பஸ்ஸைப் பற்றி எழுந்து நின்று கேட்கலாம், அதற்கு யாராவது பதில் சொல்லத்தான் வேண்டும் என்பது அவர் கணக்கு. அன்றே கையெழுத்துப் போட்டார்.

இங்கே ஊர்ச்சபைத் தேர்தலில் ஒரு வசதி உண்டு. பட்டியலில் எந்த மூலையில் இருந்தாலும் ஒருவருக்கு நாம் மூன்று புள்ளடிவரை, அதாவது மூன்று வாக்குவரை போடலாம். அப்படிச் சேர்ந்தால் கடைசியில் இருப்பவரும் மேலே வருவார். இதை அறிந்ததும் நான் சும்மா இருப்பேனா? யாரும் கேட்காமலே தேர்தல் பொறுப்பாளர் ஆனேன். ஜேர்மன் குடியுரிமை எடுத்து வாக்குரிமை பெற்றிருந்த எங்கள் ஆட்களை ஒரு ஞாயிற்றுக்கிழமை என் வீட்டு விறாந்தையில் கூட்டினேன். என்னையும் அத்தானையும் சேர்த்துப் பதினான்கு பேர். மன்னார்க் கத்தோலிக்கரான யோசேப் அண்ணையும் செபமாலையைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்திருந்தார். அக்கா அன்று வேலையில் நின்றார்.

வாக்குச்சீட்டு என்றால் சின்னத் துண்டு என்று நினைக்காதீர்கள். விரித்தால் மேசையை மூடும். எல்லாப் பட்டியல்களும், எல்லாப் பெயர்களும் அதில் இருக்கும். அதனால் மாதிரித் தாள் ஒன்றை எடுத்து, புள்ளடி போட்டுக் காட்டினேன்.

"இந்தக் கடைசிப் பெயர் அக்கா. பக்கத்திலை மூண்டு பெட்டி. மூண்டுக்கும் போடுங்கோ. நான் செய்து காட்டினதை அப்பிடியே செய்தால் காணும், சொந்த மூளையைப் பாவிக்க வேண்டாம்" என்றேன்.

"ஓம் தம்பி, அச்சொட்டாய்ச் செய்யிறம்" என்றார் யோசேப் அண்ணை. மாதிரித் தாளை எல்லாரும் தங்கள் கைத்தொலைபேசியில் படம் எடுத்துக்கொண்டு போனார்கள்.

தேர்தல் நடந்தது. ஞாயிறு மாலை வந்த முதல் முடிவில் அக்கா கடைசி இடத்திலேயே இருந்தார். பெயர் பெயராகப் புள்ளடி போட்ட சீட்டுகளைப் பிறகுதான் எண்ணுவார்கள். திங்களன்று அக்கா பதினைந்தாம் இடத்துக்கு வந்தார். இல்லத்தில் இருந்த தாய்மாரின் பிள்ளைகள் தங்கள் வேலையைச் செய்திருக்கிறார்கள் என்று ஹெல்கா தொலைபேசியில் கத்தினார். செவ்வாய் மதியம் குழுவுக்கு ஆறு ஆசனம் என்பது உறுதியானது. ஆறாவது இடத்தில் கார்ல் என்ற மாட்டுப்பண்ணைக்காரர் இருந்தார். ஏழாவது அக்கா. இடைவெளி வெறும் பதினொரு வாக்கு.

வாக்கு எண்ணுவதை யாரும் போய்ப் பார்க்கலாம். அக்கா, அத்தான், நான், ஹெல்கா நால்வரும் சபை மண்டபத்தில் பின்வரிசையில் இருந்தோம். தேர்தல் அலுவலர் சந்தேகத்தில் எண்ணாமல் ஒதுக்கி வைத்திருந்த சீட்டுகளைக் கையில் எடுத்தார். பதினான்கு சீட்டுகளின் உச்சியில் ஒரே குறி இருக்கிறது, இது என்ன என்று யாருக்காவது தெரியுமா என்று கேட்டபடி, ஒன்றின் மேல் ஓரத்தை மட்டும் மடித்துக் காட்டினார்.

பிள்ளையார் சுழி.

கடிதமோ கடைக்குப் போகும் துண்டோ, எந்தத் தாளை எடுத்தாலும் முதலில் உச்சியில் சுழி போட்டுவிட்டுத்தான் எழுதுவேன். அன்றும் மாதிரித் தாளில் என் கை தன்பாட்டில் போட்டிருக்கிறது. பதினான்கு பேரும் அதை அச்சொட்டாகச் செய்திருக்கிறார்கள். அத்தான் தரையைப் பார்த்தார். நானும் அதே தரையைப் பார்த்தேன்.

பேனா எழுதுகிறதா என்று பார்த்த கிறுக்கல் என்றால் விட்டுவிடலாம், அடையாளக்குறி என்றால் சீட்டுச் செல்லாது என்று அலுவலர் விளக்கினார். பதினான்கு சீட்டிலும் அக்காவுக்கு மும்மூன்று புள்ளடி. அவை செல்லுமானால் அக்கா சபைக்குப் போய்விடுவார். "கிறுக்கல் என்று சொல்லுங்கள்" என்று ஹெல்கா காதோடு காதாகச் சொன்னார்.

நானும் கெஞ்சினேன். "அக்கா, பேனாக் கீறல் எண்டு சொல்லுங்கோ. பஸ்ஸை யோசியுங்கோ."

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். "பிள்ளையாரைக் கீறல் எண்டு சொல்ல எனக்கு ஏலாது தம்பி."

எழுந்து நின்றார். எதையும் எழுதத் தொடங்குமுன் நாங்கள் கடவுளை நினைத்துப் போடும் குறி இது, போட்டவர்கள் என்னுடைய ஆட்கள், சட்டம் தெரியாமல் செய்துவிட்டார்கள் என்று தெளிவான ஜேர்மனில் சொன்னார். அலுவலர் மரியாதையாக நன்றி சொல்லி, பதினான்கையும் செல்லாத பக்கம் வைத்தார். அக்கா பதினொரு வாக்கால் தோற்றார்.

வீட்டுக்குப் போகும் வழியில் கேக் வாங்க வேண்டும் என்று அத்தானிடம் காரை நிறுத்தச் சொன்னார். "கடைசி இடத்திலை இருந்து ஏழாம் இடம். பள்ளிக்கூடத்திலைகூட நான் இப்பிடி முன்னுக்கு வரேல்லை" என்று சிரித்தார். பிறகு எங்கள் இருவரையும் பார்த்து, "சுழிக் கதையை ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ. பாவம், அதுகளின்ர மனம் நோகும்" என்றார். யார் தொடங்கியது என்று கேட்கவில்லை. நானும் வாய் திறக்கவில்லை. கேக்கை மட்டும் வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

அடுத்த வருடம் கார்லுக்கு முழங்கால் சத்திரசிகிச்சை. இனிக் கூட்டங்களுக்கு அலைய முடியாது என்று விலகினார். விலகுபவரின் ஆசனம் பட்டியலில் அடுத்தவருக்குப் போகும். அதைச் சொல்ல அவரே ஒரு மூட்டை உருளைக்கிழங்கோடு அக்காவின் வீட்டு வாசலுக்கு வந்தார். அக்கா குளிர்காலச் சப்பாத்துக்கு மேல் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு முதற்கூட்டத்துக்குப் போனார். பஸ் பற்றிய அன்ராக்கை, அதாவது பிரேரணையை முன்வைத்தார். முதல்முறை பணமில்லை என்று தள்ளினார்கள். இரண்டாம் முறை அதே அன்ராக்கோடு, இல்லத்துக்குக் காலை வேலைக்கு வரும் பெண்களையும் பார்வையாளர் வரிசையில் கொண்டுபோய் இருத்தினார். அவர்களில் பலரைச் சபை உறுப்பினர்களுக்கு முகம் தெரியும், தங்கள் தாயைக் குளிக்க வார்ப்பவர்களல்லவா. அன்ராக் நிறைவேறியது.

புதிய பஸ் ஐந்தரைக்கு ஊருக்குள் வந்த முதல் காலை, அக்காவுக்கு விடுமுறை. இருந்தும் டார்ம்ஸ்டாட்வரை அத்தானின் காரில் போய், அந்தப் பஸ்ஸில் ஏறித் திரும்பி வந்தார். சாரதி உட்பட எல்லாருக்கும் தட்டைவடை கொடுத்தாராம்.

ஈரலில் நோய் என்று தெரிந்தபின் ஐந்து மாதம்தான் இருந்தார். ஆஸ்பத்திரியில் ஒரு பின்னேரம் அவர் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தபோது எனக்குத் தாங்கவில்லை.

"அக்கா, அண்டைக்கு மாதிரித் தாளிலை சுழி போட்டது நான்தான்."

"தெரியும். உன்ர சுழிக்கு வால் நீளம். அந்தாள் தூக்கிக் காட்டினதிலையும் அந்த வால் நிண்டது."

"அப்ப ஏன் என்னைப் பேசேல்லை?"

அக்கா கொஞ்ச நேரம் மூச்சு வாங்கிவிட்டுச் சொன்னார். "எலெக்சனிலை நிக்கிற எல்லாருக்கும் சனம் கையைப் பிடிச்சு, உங்களுக்குத்தான் போட்டனாங்கள் எண்டு சொல்லும். போட்டதோ இல்லையோ ஆருக்குத் தெரியும்? எனக்குத் தெரியும். உன்ர வகுப்புக்கு வந்தது பதினாலு பேர். தாள் பதினாலு. ஒருத்தரும் எனக்குப் பொய் சொல்லேல்லை. யோசேப் அண்ணைகூடச் சுழி போட்டிருக்கிறார் தம்பி."

சிரிக்க முயன்று இருமினார். எல்லாரிடமும் போய் உண்மையைச் சொல்லட்டுமா என்று கேட்டேன்.

"இப்ப வேண்டாம், உன்னைக் கிழிச்சுப் போடுவினம். எனக்கு மலர் அடிப்பியள்தானே, அதிலை எழுது. செத்த வீட்டிலை ஒருத்தரும் உனக்கு அடிக்க மாட்டினம்."

எழுதிவிட்டேன்.

அக்காவைக் கடைசிவரை பார்த்த மருத்துவர்களுக்கும் தாதிமாருக்கும், அதிகாலைப் பஸ்ஸில் வந்து பிரேதப்பெட்டிக்குப் பூ வைத்துவிட்டு வேலைக்குப் போன பெண்களுக்கும், ஹெல்காவுக்கும் கார்லுக்கும், முப்பத்தொரு நாளும் எங்கள் வீட்டில் அடுப்பெரியாமல் சாப்பாடு கொண்டுவந்த குடும்பங்களுக்கும் அத்தான் சார்பிலும் என் சார்பிலும் நன்றி.

இன்றுவரை விஷயம் தெரியாமலிருந்த பன்னிரண்டு பேரும் என்னை மன்னிக்க வேண்டும். சபையின் எண்ணிக்கையில் உங்கள் வாக்குச் சேராமற் போனது என் பிழை. அக்கா மட்டும் அவற்றை ஒவ்வொன்றாக, ஆள் பெயரோடு எண்ணி வைத்திருந்தார்.