அக்கா தனியாகக் கடந்த பாலம்

மண்ணெண்ணெய் ஸ்டவ்வின் முன்னால் அக்கா குந்தியிருந்தாள். கையிலிருந்த தீக்குச்சி விரல் வரை எரிந்து வந்துவிட்டது. பதறி ஓடிய என்னை, அவளுக்குச் சமையல் பழக்கிக்கொண்டிருந்த டீச்சர் தோளைப் பிடித்து நிறுத்தினார். "நீ போகாதே. சுட்டா அவளே விட்டுடுவா." அக்கா குச்சியை உதறினாள், விரலைச் சப்பிக்கொண்டாள். பிறகு அடுத்த குச்சியை எடுத்தாள். அவளுக்கு அப்போது இருபத்திரண்டு வயது, எனக்குப் பதினாறு.

நாங்கள் தாராவியில் குடியிருந்தோம். அப்பா இல்லை. அம்மா மாட்டுங்காவில் ஒரு கட்டடத்தில் நாலு வீட்டுக்குப் பாத்திரம் தேய்த்தாள். மூளை வளர்ச்சி குறைந்த அக்காவைத் தனியே விட மனமில்லாமல் கூடவே கூட்டிப்போய் மாடிப்படியில் உட்காரவைப்பாள். அதே கட்டடத்தில் குடியிருந்த டீச்சர், அக்காவைப் போன்ற ஐந்தாறு பேருக்குத் தம் வீட்டுக் கூடத்திலேயே வகுப்பு நடத்தினார். எழுத்துப் பாடம் கிடையாது. சோறு வடிப்பது, துணி துவைப்பது, விலாசம் சொல்வது, வழி கேட்பது, இவ்வளவுதான். "உங்களுக்கப்புறம் இவ என்ன பண்ணுவா, யோசிச்சேளா?" என்று அவர் கேட்டபோது அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "அத நெனச்சாத்தான் உறக்கமே வரமாட்டேங்கு டீச்சர்" என்றாள்.

ஒழுங்காகச் சோறு வடிக்க அக்காவுக்கு ஒரு வருஷம் ஆயிற்று. அதன்பின் நடை. தாராவியிலிருந்து ரயில் பாதைமேல் உள்ள பாலம் ஏறி இறங்கி, டீச்சர் வீட்டுக்கு அவள் தனியாகப் போக வேண்டும். அவளுக்குத் தெரியாமல் நான் பின்னால் போக வேண்டும். முதல் நாள் பாலத்தின் நடுவில் அவள் நின்றுவிட்டாள். கீழே லோக்கல் ரயில் போய்க்கொண்டிருந்தது. வேலைக்கு ஓடிய ஒருவன், "ஏ பக்லி, ஹட்!" என்று பைத்தியத்தை விரட்டுவதுபோல் அதட்டினான். அவளோ ஓரமாக ஒதுங்கி, கம்பியைப் பிடித்தபடி கடைசி ரயில்பெட்டி மறையும்வரை பார்த்துவிட்டு, நடந்தாள். கடைகளைத் தாண்டிச் சரியான தெருவில் திரும்பினாள். டீச்சர் கதவைத் திறந்ததும், "நா மட்டும் வந்தேன்!" என்று கத்தினாள். அதற்குப் பிறகு எட்டு மாதம் தினமும் அப்படியே போய்வந்தாள்.

அந்த மழைக்காலத்தில் அம்மா மஞ்சள்காமாலையில் இறந்தாள். மும்பையை அடுத்த கல்யாண் நகரில் வேலையாயிருந்த அண்ணன் எங்களை அழைத்துப்போக வந்தான். எனக்கு வரன் கூடிவந்த நேரம். மாப்பிள்ளை வீட்டாரிடம் அக்காவைத் தூரத்து உறவு என்று சொல்லியிருந்தான். அக்காவைக் கூட்டிப்போகிற விஷயம் தெரிந்து டீச்சர் எங்கள் அறைக்கே வந்தார்.

"அவ சமைப்பா, துவைப்பா, தனியாப் போயிட்டு வருவா. எங்க கட்டடத்துலயே ஒரு ரூம் இருக்கு. நான் பார்த்துக்கறேன்."

"பொம்பளப் பிள்ளய தனியா விட்டு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா ஊருக்கு நாந்தான பதில் சொல்லணும்?" என்றான் அண்ணன். அவன் பயம் பொய்யில்லை.

டீச்சர் என் பக்கம் திரும்பினார். "நீ சொல்லேன். பின்னாடியே போய்ப் பார்த்தவ நீதானே?"

அக்கா இங்கேயே நடமாடி, அவள் என் கூடப்பிறந்தவள் என்று மாப்பிள்ளை வீட்டாருக்குத் தெரிந்தால் என் கல்யாணம் நின்றுவிடும். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். டீச்சர் சற்று நேரம் காத்திருந்துவிட்டுப் போய்விட்டார்.

இரண்டு வருஷம் கழித்துக் கைக்குழந்தையோடு கல்யாணுக்குப் போனேன். அண்ணியைக் குறை சொல்ல முடியாது. வேளைக்குச் சோறு போட்டாள், தலை வாரிவிட்டாள். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்ததால் அடுப்புப் பக்கம் மட்டும் விடுவதில்லை. வெளியே போகும்போது கதவைப் பூட்டிக்கொண்டு போவாள். அக்கா உடம்பு ஊதி வெளுத்திருந்தாள்.

"வா அக்கா, தெருமுனை வரைக்கும் போயிட்டு வருவோம்" என்றேன்.

வாசல்வரை வந்து நின்றுவிட்டாள். "நீ முன்னால நட, நா பின்னால வாரேன்" என்றேன். மாட்டேன் என்று தலையை ஆட்டினாள். வீட்டுக்குள் திரும்பிப் பார்த்து, "ஏசுவாவ" என்றாள். பிறகு, என் இடுப்பிலிருந்த குழந்தையைப் போலவே, கையை நீட்டினாள்.

பிடித்துக்கொண்டேன். சாகும்வரை அந்த வீட்டிலேயே இருந்தாள். ஒருநாளும் தனியாக வெளியே போகவில்லை.