லிட்டா சிரிக்க மாட்டாள்

பிலிப்பைன்ஸில் இருக்கும் எங்கள் ஒலங்காப்போவில் நன்றாகக் கிட்டார் வாசிக்கிறவனைப் பாராட்ட ஒரே ஒரு சொல்தான் உண்டு: பிளகாடோ. இசைத்தட்டில் இருக்கிறபடியே, இம்மி பிசகாமல் வாசிப்பது என்று பொருள். தட்டில் பாடகன் இருமியிருந்தால் நம் ஆளும் அதே இடத்தில் இரும வேண்டும். ஈயடிச்சான் காப்பி என்று வெளியூர்க்காரர்கள் கேலி பேசலாம். அமெரிக்கப் போர்க்கப்பல்கள் கரையில் நின்ற காலத்தில் அந்த ஈயடிச்சான் காப்பிதான் ஊரில் பாதிப் பேருக்குச் சோறு போட்டது. கப்பலிலிருந்து இறங்கி வந்த மாலுமி கண்ணை மூடினால் தன் ஊர் மதுக்கடையில் உட்கார்ந்திருப்பதாக நினைக்க வேண்டும். கண்ணைத் திறந்தால் மேடையில் நாங்கள் நிற்போம்.

எஸ்தர்லிட்டா மக்பனுவா, ஊருக்கு லிட்டா, இந்த வித்தையில் எவனுக்கும் இளைத்தவள் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பின்னால் அவள் செய்ததையெல்லாம் பார்த்துவிட்டு, "ஒழுங்கா வாசிக்கத் தெரியாதவ வேற என்ன பண்ணுவா?" என்று பேசிய வாய்கள் இங்கே நிறைய. ஒரு பாட்டை இரண்டு தடவை கேட்டால் போதும், மூன்றாவது தடவை அவள் கையிலிருந்து வரும்.

அவளுடைய முதல் குழு மல்லிகைப் பெண்கள். ஆறு பெண்கள், ஆறு ஜிகினாப் பாவாடை. கிளப் முதலாளி மேடைக்குக் கீழே நின்றுகொண்டு இரண்டு விரலால் தன் உதட்டை இழுத்து இழுத்துக் காட்டுவார். சிரிக்கச் சொல்கிறாராம். மதுத் தட்டு ஏந்திப் போகும் பெண்களுக்கும் அதே சைகைதான். மற்ற ஐந்து பேரும் பல்லைக் காட்டினார்கள். லிட்டா கம்பியைப் பார்த்துக்கொண்டு வாசித்தாள்.

"ஏய், சிரிடி! செத்த வீட்டுலயா வாசிக்கிற?"

"கைக்குத்தான வேலை குடுத்தீங்க. பல்லுக்கும் சேர்த்தா?"

அந்த வாரத்தோடு மல்லிகைப் பெண்கள் ஐந்து பேரானார்கள். லிட்டா வீட்டுக்கு வந்து, கருவாடு பொரித்து, சோறு தின்று, எச்சில் கையைக் கழுவிய கையோடு ஒரு பாட்டு எழுதினாள். கை உன்னுடையது, கால் உன்னுடையது, என் சாயங்காலம் எல்லாம் உன்னுடையது, உதடு மட்டும் என்னுடையது, சிரிக்க மாட்டேன். அவ்வளவுதான் பாட்டு. வேகமான பாட்டு. இரண்டாவது அடியில் மட்டும் கம்பியை இழுத்துப் பிடித்து ஒரு சுரத்தை வேண்டுமென்றே தாமதமாக விடுவாள், கூப்பிட்டவுடன் எழுந்து வராத பெண்ணைப் போல.

இரண்டாவது குழு டென்சியோவுடையது. டென்சியோ கீபோர்டு வாசிப்பவர், பிளகாடோவில் ஊருக்கே பெரிய தலை. இசைத்தட்டில் ஊசி தேய்ந்திருந்தால்கூடக் கண்டுபிடிக்கும் காது அவருக்கு. அவர் பெயருக்கு முன்னால் காது என்று சேர்த்துத்தான் கூப்பிடுவார்கள். லிட்டாவை அவருக்குப் பிடிக்கும். "உன் விரலு தங்கம்டி. வாயைத்தான் தைக்கணும்" என்பார். அங்கே டிரம்ஸ் வாசித்தவன் பிங்கோய். பேச்சு குறைவு, தாளம் சுத்தம். பகலில் இருவரும் கிளப்பின் பின்கட்டில் தண்ணீர் டிரம்மைக் கவிழ்த்துப் போட்டு அவளுடைய பாட்டைப் பழகுவார்கள்.

ஒருநாள் பெரிய கப்பல் வந்து கிளப் நிரம்பி வழிந்தது. ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்குவதற்குள் லிட்டா யாரையும் கேட்காமல் தன் பாட்டுக்குள் நுழைந்துவிட்டாள். பிங்கோயும் கூடவே போனான். மாலுமிகள் இது என்ன பாட்டு என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தட்டு ஏந்திய பெண்கள் நின்ற இடத்தில் நின்று கேட்டார்கள். டென்சியோ மட்டும் கீபோர்டிலிருந்து இரண்டு கையையும் எடுத்துவிட்டு, கடைசிவரை அசையாமல் நின்றார்.

"எந்தத் தட்டுல இருக்கு அது?"

"எந்தத் தட்டுலயும் இல்லண்ணே. நான் எழுதுனது."

"தட்டுல இல்லாத பாட்டு பாட்டே இல்ல. நாளையிலேர்ந்து வராத."

லிட்டா கிட்டாரைப் பெட்டியில் வைத்து மூடினாள். பிங்கோய் டிரம்ஸ் குச்சிகளை மட்டும் எடுத்துக்கொண்டு எழுந்தான். டிரம்ஸ் டென்சியோவுடையது.

"நீ எங்கடா கிளம்பிட்ட?"

"உங்களுக்குத் தெருவுக்கு நாலு பேரு கெடைப்பாங்கண்ணே. அவ பாட்டுக்கு வேற ஆளு இல்ல."

பிறகு பினதூபோ எரிமலை ஊர்மேல் சாம்பலைக் கொட்டியது. அடுத்த வருடமே கப்பல்களும் போய்விட்டன. கிளப்புகள் ஒவ்வொன்றாக மூடின. பிளகாடோ வாசித்தவர்கள் ஹோட்டல் வேலை தேடி வெளிநாடு போனார்கள், டென்சியோவும் போனார். லிட்டாவும் பிங்கோயும் மணிலாவுக்குப் பேருந்து ஏறினார்கள். அங்கே சின்னச் சின்ன மதுக்கடைகளில் பையன்கள் சொந்தமாகப் பாட்டு எழுதி, சொந்த மொழியில் கத்திக்கொண்டிருந்தார்கள். தன் இடம் இதுதான் என்று லிட்டாவுக்குத் தோன்றியது. மூன்றாவது குழுவுக்குத் துரு என்று பெயர். தலைமுடியைக் கழுவாத பையன்கள் அவளை வாய் நிறைய அக்கா என்றார்கள். கனமான ஒலிபெருக்கிகளை மட்டும் அக்காவே தூக்கும்படி விட்டுவிடுவார்கள்.

அந்தக் குழுவின் பாடகன் ரோமெல். நல்ல குரல், நல்ல முகம், அதைவிட நல்ல நாக்கு. 'சிரிக்க மாட்டேன்' அந்தக் கடைகளில் பிடித்துக்கொண்டது. ஒரு கேசட் கம்பெனிக்காரர் கூப்பிட்டனுப்பினார்.

"பாட்டு நல்லாருக்கும்மா. ஆனா சும்மா சிரிக்க மாட்டேன்னா எவன் வாங்குவான்? ஒரு காரணம் வேணாமா? காதல் தோல்வின்னு வச்சுக்குவோம்."

"காரணம் எனக்குத் தெரியும். உங்களுக்கு எதுக்கு?"

அவள் எழுந்து வந்துவிட்டாள். பிங்கோயும் வந்தான். ரோமெல் மட்டும் காபி குடித்து முடிக்கவில்லை என்று உட்கார்ந்திருந்தான்.

சில மாதம் கழித்து ஜீப்னி வண்டியில் போய்க்கொண்டிருந்தபோது ஓட்டுநரின் ரேடியோவில் அவள் அதைக் கேட்டாள். நத்தை ஊர்கிற வேகம். பின்னால் வயலின். 'நீ இல்லாமல் சிரிக்க மாட்டேன்' என்று ரோமெல் உருகிக்கொண்டிருந்தான். தாமதமாக வர வேண்டிய சுரம் நேரத்துக்கு வந்து கைகட்டி நின்றது. எழுதியவர் ரோமெல் என்று அறிவிப்பாளர் சொன்னார். பக்கத்தில் இருந்த பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். லிட்டா இறங்கி நேராக ரோமெலைத் தேடிப் போனாள். திருடியதைக்கூட மன்னித்திருப்பாள். யாருக்கும் சிரிக்க மாட்டேன் என்றவளை எவனோ ஒருவனுக்காக மூக்குச் சிந்த வைத்துவிட்டானே என்பதுதான் தாங்கவில்லை.

"ரெண்டு வார்த்தைதானக்கா சேர்த்தேன்" என்றான் ரோமெல், காலைப் பார்த்துக்கொண்டு.

"வாடகைக்கு இருக்கறவன் ரெண்டு ஆணி அடிச்சா வீடு அவனுதாயிடுமாடா?"

வழக்குப் போடு என்றார்கள். எதை வைத்து? அவளுடைய பாட்டு எங்கேயும் பதிவாகி இருக்கவில்லை. தட்டில் இருந்தது ரோமெலின் பாட்டுதான்.

அதன்பிறகு அந்த இரண்டு சொல்லும் நாடு முழுக்கப் பரவின. ஞானஸ்நான விருந்தில் அதைப் பாடினார்கள், துக்க வீட்டில் விடிய விடியச் சீட்டாடுகிறவர்களும் பாடினார்கள். வயிற்றுப்பாட்டுக்காக லிட்டா மலேசியாவில் ஒரு ஹோட்டல் குழுவில் சேர்ந்தாள், அது நான்காவது. ஒரு விருந்தாளி, நம் நாட்டுக்காரர்தான், "'நீ இல்லாம' பாட்டை வாசிங்க" என்று ஆசையாகக் கேட்டார். "அப்படி ஒரு பாட்டு கிடையாது சார்" என்று ஒலிவாங்கியிலேயே சொல்லி, இருப்பதை வாசித்துக் காட்டினாள். வந்தவர் முகம் சுருங்கிப் போனார். ஹோட்டல் அவளை விமானம் ஏற்றி ஊருக்கு அனுப்பிவைத்தது. வளைந்து கொடுக்கத் தெரியாதவள் என்று பேர். வளைந்தால் ஒடிந்துபோகும் என்பது அவள் கணக்கு.

ஐந்தாவது குழு ஒலங்காப்போவிலேயே உருவானது. பெயர், தட்டில்லை. லிட்டா, பிங்கோய், பாஸ் கிட்டாருக்கு ஜீப்னி ஓட்டும் கார்டிங். மூவருக்கும் ஐம்பது தாண்டிவிட்டது. அந்த வருடம் பேட்டைத் திருவிழாவில் இசைக்குழுப் போட்டி அறிவித்தார்கள். ஒரு குழுவுக்கு ஒரு பாட்டு. பாதி மதிப்பெண் பிளகாடோவுக்கு. தலைமை நடுவர் காது டென்சியோ. வெளிநாட்டிலிருந்து மூட்டு வலியோடு திரும்பியிருந்தார், காது மட்டும் அப்படியே இருந்தது.

"எதுக்கக்கா நமக்கு?" என்றான் பிங்கோய். "பாதி மார்க்கு போறது உறுதி. வீட்டுல பன்றி வறுவல் தின்னுட்டு படுத்துக் கெடக்கலாம்."

"மார்க்கு யாருக்குடா வேணும்? ஊரே அங்கதான் இருக்கும். இது என் பாட்டு, இதுல எவனுக்காகவும் அழுகை கெடையாதுன்னு நம்ம ஊரு முன்னாடியாவது ஒரு தடவ ஆகணும். இல்லேன்னா நான் செத்தா என் சவப்பெட்டி பக்கத்துலயும் அந்த வயலின்தான் வாசிப்பானுங்க."

கூடைப்பந்து மைதானத்தில் மேடை. தோரணம், கரியில் வாட்டிய இறைச்சிப் புகை, பிளாஸ்டிக் நாற்காலிகள். அவர்களுக்கு முன்னால் வந்த இரண்டு குழுக்களுமே 'நீ இல்லாமல்' பாட்டைத்தான் வாசித்தன. வயலின்கூட விடாமல் பிளகாடோ. கூட்டம் கூடவே பாடியது. பிறகு லிட்டா ஏறினாள். அதே பாட்டை அதன் பழைய வேகத்தில், அந்த இரண்டு சொல் இல்லாமல் வாசித்தாள்.

"தப்பு! தப்பு!"

"'நீ இல்லாம' எங்க போச்சு? கெழவி மறந்துட்டா!"

ரோமெல் மாற்றினால் புதுமை, லிட்டா வாசித்தால் தப்பு. மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம். டென்சியோ கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். பாட்டு முடிந்ததும் ஒலிவாங்கியை எடுத்தார்.

"பிளகாடோ, பூஜ்யம். ரேடியோவுல வந்த மாதிரி ஒரு அடிகூட இல்ல. எறங்கு லிட்டா."

லிட்டா இறங்கவில்லை.

"அண்ணே, ஒரு கேள்வி. என்னை எதுக்கு உங்க குழுவை விட்டுத் தொரத்துனீங்க?"

கூட்டம் கூச்சல் போட்டது. டென்சியோ கையமர்த்தினார். "தட்டுல இல்லாத பாட்ட வாசிச்ச. அதுக்குத்தான்."

"அது எந்தப் பாட்டு?"

டென்சியோ மதிப்பெண் தாளைக் கீழே வைத்தார்.

"ரோமெல் அப்ப அரைக்கால் சட்டை போட்டுட்டுத் திரிஞ்சிருப்பான். உங்க காது பொய் சொல்லாதுன்னு ஊரே சொல்லுது. அன்னைக்குக் கேட்டதும் இன்னைக்குக் கேட்டதும் ஒண்ணா இல்லையா? தட்டு எங்கன்னு கேட்டீங்களே, நான்தாண்ணே தட்டு. இப்ப சொல்லுங்க."

பொய் சொல்லிவிட்டுப் போயிருக்கலாம், யாருக்குத் தெரியும்? பிங்கோய் சொன்னாலும் எடுபடாது. ஆனால் தன் காதைத் தவிர வேறு சொத்து இல்லாத மனிதர் டென்சியோ. ஊர் முன்னால் அதையே பொய்யாக்க அவரால் முடியவில்லை.

"ஒண்ணுதான்" என்றார். "ரெண்டாவது அடியில ஒரு சுரம் லேட்டா வரும். அன்னைக்கும் வந்துச்சு, நான் பக்கத்துல நின்னு கேட்டேன். ரேடியோவுல அதைத் தொடச்சுட்டானுங்க. அச்சு அசல் இதுதான்."

பேட்டைத் தலைவர் மேடையோரம் ஓடி வந்தார். "அண்ணே, அப்ப ரேடியோவுல வர்றது?"

"காப்பி. அதுவும் தப்புக் காப்பி. பசங்க பாவம், தப்பைப் பாத்து ஒழுங்கா வாசிச்சானுங்க." டென்சியோ நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார். "லிட்டாவுக்குப் பிளகாடோ முழு மார்க்கு."

 வாட்டிய இறைச்சி விற்றுக்கொண்டிருந்த பெண் ஒருத்தி, பழைய கிளப்பில் தட்டு ஏந்தியவள், "அவ பாட்டுதான்யா! எனக்கே தெரியும்! எங்களைத்தான் எவனும் கேக்கல!" என்று விசிறியை ஆட்டிக் கத்தினாள்.  

எல்லாக் குழுவும் முடிந்து கூட்டிப் பார்த்தபோது தட்டில்லைதான் முதலிடம். வென்ற குழு மறுபடி வாசிக்க வேண்டும் என்பது வழக்கம். "அதே மாதிரி! அப்படியே!" என்று இப்போது எல்லோரும் கேட்டார்கள். லிட்டா கம்பியில் கை வைத்தாள். இத்தனை வருடம் அவள் அந்தப் பாட்டை ஒரு மாத்திரை மாறாமல் கட்டிக் காத்தது திருடனுக்குப் பயந்துதான். இனி திருட்டுப் போகாது என்று ஆன பிறகு பூட்டு எதற்கு? அவளுக்குள் ஏதோ பற்றிக்கொண்டது. முதல் அடியையே வேறு இடத்தில் தொடங்கினாள். தாமதமாக வர வேண்டிய சுரத்தை முந்தி விட்டாள். நடுவில் இதுவரை யாரும் கேட்டிராத நாலு வரியை, அங்கேயே நின்று கட்டிப் பாடினாள். பிங்கோய் கெட்ட வார்த்தை சொல்லிக்கொண்டே பின்னால் ஓடிவந்து தாளத்தைப் பிடித்தான்.

டென்சியோவுக்குப் பொறுக்கவில்லை. "லிட்டா! இது அது இல்ல!"

"இல்லதாண்ணே! இது இப்ப எழுதுனது!"

கூட்டத்தில் பாதிப் பேர் கைபேசியைத் தூக்கிப் பதிவு செய்துகொண்டிருந்தார்கள். நாளைக்கே எவனாவது இதைப் பிளகாடோவாக வாசிப்பான் என்று அவளுக்குத் தெரியும். அதற்குள் அவள் வேறு மாதிரி வாசித்திருப்பாள்.