மூன்று விரல் தூரம்

பட்டினப்பாக்கத்தில் அன்புக்கரசியிடம் மீன் வாங்குகிறவர்கள் அவளுடைய எண்ணை ‘மீன் அன்பு’ என்றுதான் ஃபோனில் பதிந்து வைத்திருப்பார்கள். நானும் அப்படித்தான். காலையில் கூப்பிட்டு நண்டு வந்ததா, சங்கரா இருக்கிறதா என்று கேட்டால் இருப்பதை இருக்கிறது என்பாள், நேற்றையதை நேற்றையது என்பாள். அந்த எண், நடுக்கடலில் எஞ்சின் நின்றுபோய்த் தவிப்பவர்கள் கூப்பிடும் எண்ணாகவும் ஆகும் என்று அவள் நினைத்ததே இல்லை.

தொடங்கி வைத்தவர் மயிலாப்பூர் பல் டாக்டர் கோதண்டபாணி. வாரம் தவறாமல் வஞ்சிரம் வாங்குகிறவர். ஆறு வருடங்களுக்கு முன்பு நண்பர் ஒருவரின் மோட்டார் படகில் உல்லாசமாகப் போய், பெசன்ட் நகருக்கு எதிரே எஞ்சின் மக்கர் செய்து நின்றுவிட்டார்கள். கையில் ஃபோன் இருந்தது. ஆனால் அதில் இருந்த எண்ணூறு பேரில் கடலோடு ஏதாவது சம்பந்தம் உள்ள ஒரே ஆள் மீன் அன்புதான்.

“அன்பு, மீனுக்காகக் கூப்பிடலம்மா…” என்று தயங்கித் தயங்கி ஆரம்பித்தாராம்.

அவள் கணவர் பாலு ஃபைபர் படகை எடுத்துப் போய், கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வந்தார். டாக்டர் சும்மா இருக்கவில்லை. படகு வைத்திருக்கும் தன் நண்பர்களின் வாட்ஸப் குழுவில் அவள் எண்ணைப் போட்டுவிட்டார். அதற்குப் பிறகு வருடத்துக்கு மூன்று நான்கு முறையாவது அப்படி ஒரு அழைப்பு வரும். ஆபத்து என்றால் கடலோரக் காவலுக்கு முதலில் சொல்லச் சொல்வாள். எஞ்சின் கோளாறு, பெட்ரோல் தீர்ந்தது, புரொப்பெல்லரில் வலை சுற்றியது போன்றவற்றுக்கு பாலு போவார்.

இழுப்பது பாலுவின் வேலை. பேசுவது அவளுடையது. பயந்து போனவர்களிடம் எங்கே இருக்கிறீர்கள் என்றால் “கடல்ல இருக்கோம்” என்பார்கள்.

“கடல் பெருசு சார். கரையில இன்னா தெரியுது, அத்த சொல்லுங்க” என்பாள்.

கடலில் மீன் கிடைக்கும் இடத்தைக் கரையிலுள்ள கோபுரத்தையும் கட்டடத்தையும் பார்த்து அடையாளம் வைத்துக்கொள்வது மீனவர் வழக்கம். பாலு சாப்பிடும்போது பேசுவதையெல்லாம் இருபத்தைந்து வருடம் கேட்டுக் கேட்டு அவளுக்கும் அது மனப்பாடம். ஆனால் அவள் படகில் ஏறியதே கிடையாது. அங்கே பெண்கள் ஏறுவதில்லை. அவளும் ஏற நினைத்ததில்லை. அலை உடைகிற இடத்தில் முழங்கால் தண்ணீரில் நின்று கூடையை வாங்குவாள், அவ்வளவுதான். நாற்பத்தாறு வயது வரைக்கும் அப்படியே போனது.

போன வருடம் ஆனி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலை எட்டரை மணி இருக்கும். வியாபாரம் சூடாக இருந்த நேரத்தில் தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு.

“அம்மா, நான் முத்துகிருஷ்ணன், தி.நகர்ல ஜவுளிக்கடை. டாக்டர் கோதண்டபாணி நம்பர் கொடுத்தாரு. எஞ்சின் நின்னுட்டு. எவ்வளவு இழுத்தாலும் ஸ்டார்ட் ஆக மாட்டேங்கு. லொகேஷன் அனுப்பியிருக்கேன், பாருங்க.”

பார்த்தாள். லொகேஷன் கொட்டிவாக்கம் கடற்கரை மணலைக் காட்டியது. படகை இறக்கிய இடம் அது. அதற்குப் பிறகு அவர் ஃபோனில் நெட் வேலை செய்யவில்லை போலிருக்கிறது.

“எத்தினி பேரு கீறீங்க சார்?”

“நானும் என் வீட்டம்மாவும்தான். கரை தள்ளித் தள்ளிப் போகுதும்மா. நான் என்ன செய்யட்டும்? நான் சொல்லக் கேட்காம…” அவர் குரல் மேலே ஏறிக்கொண்டே போனது.

கரை தள்ளிப் போகிறது என்றதும் அவளுக்குப் புரிந்தது. ஆனி ஆடியில் காலை வேளையில் மேல்காற்று. கரையிலிருந்து கடலை நோக்கி அடிக்கும். நின்றுபோன படகை உள்ளே உள்ளே தள்ளிக்கொண்டு போகும்.

“சார், ஃபோனை அக்கா கையில குடுங்க” என்றாள்.

அடுத்து வந்த குரல் நிதானமாக இருந்தது. “சொல்லும்மா, நான் சுந்தரவல்லி.”

“லைப் ஜாக்கெட் போட்டுகினு கீறீங்களாக்கா?”

“போட்டிருக்கோம்.”

“நங்கூரம் கீதா?”

“இவுக போட்டுப் பார்த்தாக. கயிறு தரை வரைக்கும் எட்டலை.”

வாங்கிய படகோடு வந்த குட்டைக் கயிறு. அங்கே ஆழம் பத்துப் பாகமாவது, அதாவது அறுபது அடியாவது, இருக்கும். அன்புக்கரசி கொஞ்சம் யோசித்தாள்.

“பக்கெட் எதுனா கீதா உங்க கையில?”

“பக்கெட் இல்லையே. எங்க கடைக் கட்டைப்பை ரெண்டு இருக்கு. சாப்பாடு கொண்டு வந்தோம்.”

“சாப்பாட்ட எடுத்து வெச்சிட்டு, அந்தக் கயித்துல நங்கூரத்துக்கு மேல ரெண்டு பையோட காதையும் சேத்துக் கட்டுங்க. படகோட முன்மூக்குலருந்து தண்ணில வுடுங்க. பை தண்ணிய ரொப்பிக்கும். காத்து தள்ளுனாலும் படகு மெதுவாத்தான் போவும், மூக்கும் காத்தப் பாத்து நிக்கும். ஆட்டம் கம்மியாவும்.”

கணவருக்குச் சொல்லி, அவர் கட்டி, தண்ணீரில் விட்டது வரைக்கும் சுந்தரவல்லி ஃபோனை வைக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, “ஆமாம்மா, ஆட்டம் குறைஞ்சிருக்கு” என்றாள்.

“இப்ப கரையப் பாருங்க. வெள்ளையா சாந்தோம் சர்ச்சு கோபுரம் தெரியுதா?”

“தெரியுது.”

“அதுக்கு சோத்துக்கை பக்கம் செவப்பும் வெள்ளையுமா லைட் ஹவுஸு?”

“ரெண்டும் பக்கத்துல பக்கத்துல நிக்கி.”

“கைய நேரா நீட்டுங்கக்கா. வெரல சேத்து வெச்சி, சர்ச்சுக்கும் லைட் ஹவுஸுக்கும் நடுவுல எத்தினி வெரலு அடங்குதுன்னு சொல்லுங்க.”

ஒரு கண்ணை மூடிக்கொண்டு அளந்தாளாம். “மூணு. மூணுக்கு மேல கொஞ்சம்.”

பட்டினப்பாக்கம் மீனவர்களுக்கு அது பழகிய கணக்கு. விரல் குறையக் குறையத் தூரம் கூடும். மூன்று விரல் என்றால் கரையிலிருந்து ஐந்தாறு கிலோமீட்டர். அன்புக்கரசி “ஃபோனை வைங்க, சார்ஜ் மிச்சம் புடிங்க. பத்து பத்து நிமிசத்துக்கு நானே கூப்புடறேன்” என்று சொல்லிவிட்டு எழுந்தாள்.

பாலு விடியற்காலையிலேயே கடலுக்குப் போயிருந்தார். கூப்பிட்டால் தொடர்பு கிடைக்கவில்லை. கரையில் அப்போது தயாராக நின்ற படகு ஒன்றுதான். பாலுவின் அண்ணன் டில்லிபாபுவுடையது. அவர்கள் இரண்டு குடும்பமும் பேசி எட்டு மாதம் ஆகியிருந்தது. டில்லிபாபுவின் மகள் கல்யாணப் பத்திரிகையில் சித்தப்பா சித்தி என்று பாலு, அன்புக்கரசி பெயர் விட்டுப் போயிருந்தது. அச்சுக்காரன் தவறு என்று அவர் சொன்னார். இவர்கள் நம்பவில்லை. கல்யாணத்துக்கும் போகவில்லை.

அவள் மீனைப் பக்கத்துக்கடை முனியம்மாளிடம் ஒப்படைத்துவிட்டு மணலில் நடந்தாள். டில்லிபாபு படகு ஓரம் உட்கார்ந்து வலையில் சிக்கு எடுத்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி வலையைப் பார்த்தார்.

“மாமா, ஒரு போட்டு நின்னுட்டுகீது. புருசன் பொஞ்சாதி ரெண்டு பேரு. மேல்காத்துல வெளிய போய்க்கினே கீது.”

“பாலு எங்க?”

“கடல்ல. லைன் கெடைக்கல.”

“ஜாலிக்குப் போறவங்களுக்கு இன்னா தலையெழுத்து. காத்து எப்டி கீதுன்னு பாத்துட்டுப் போவ மாட்டாங்களா?”

“தெரியாதவங்க மாமா. தெரிஞ்சா போவாங்களா?”

அவர் சிக்கு எடுப்பதை நிறுத்தவில்லை. ஆனால் அடுத்து அவர் கேட்டது அவளுக்குத் தைரியம் கொடுத்தது.

“எத்தினி வெரலு?”

“மூணு.”

வலையைக் கீழே போட்டார். “கூட வர்றதுக்கு ஆளு இல்ல. எப்பவும் கூட வர்ற கிச்சா மாமியார் வூட்டுக்குப் பூட்டான். நான் எஞ்சினப் பாக்கறதா, கயித்தப் புடிக்கறதா?”

“நான் வரேன்.”

அவர் சிரிக்கவில்லை, மறுக்கவும் இல்லை. சுற்றி நின்றவர்களில் ஒருவர், “பொம்பள ஏறுனா நல்லாவா இருக்கும்?” என்றார். டில்லிபாபு அவரைத் திரும்பிப் பார்த்து, “அப்ப நீ ஏறு நைனா” என்றார். அந்த ஆள் நகர்ந்துவிட்டார். நாலு பேர் படகைத் தள்ளினார்கள். அன்புக்கரசி புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறினாள்.

அலை உடைகிற இடத்தைத் தாண்டும்போது படகின் மூக்கு வானத்தைப் பார்த்து எழுந்து, தொப்பென்று விழுந்தது. அவள் இரண்டு கையாலும் படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். தாண்டியதும் அமைதி. காற்று பின்னாலிருந்து தள்ளியது. ஆனால் நீண்ட நீண்ட ஏற்ற இறக்கம். பத்தே நிமிடத்தில் காலையில் சாப்பிட்ட இட்லி முழுவதையும் கடலுக்குக் கொடுத்தாள்.

“தூரமா எதுனா பாரு. கீழ பாக்காத” என்றார் டில்லிபாபு. எட்டு மாதத்துக்குப் பிறகு அவள் மேல் அக்கறையாக அவர் சொன்ன முதல் வார்த்தை.

அவள் கரையைப் பார்த்தாள். குடியிருப்பு வீடுகள் தீப்பெட்டிகளாகச் சுருங்கியிருந்தன. அவள் கடை எங்கே என்றே தெரியவில்லை. வலது கையை நீட்டி, சர்ச்சுக்கும் லைட் ஹவுஸுக்கும் நடுவே விரலை வைத்தாள். ஆறு விரலுக்கு ஒரு கை போதவில்லை. இத்தனை வருடம் மற்றவர்களை அளக்கச் சொன்னவள், அவளே அளந்தது அன்றைக்குத்தான்.

ஃபோன் செய்தாள். “அக்கா, இப்ப கோபுரம் எப்டி கீது?”

“ரெண்டும் இன்னும் நெருங்கின மாதிரி இருக்கு. நீ எங்கம்மா இருக்க?”

“நானும் கடல்லதான்கா கீறேன். வந்துகினே கீறோம்.”

சுந்தரவல்லி, “நீயே வர்றியா?” என்றாள்.

விரல் மூன்றுக்கு வந்தபோதும் எதுவும் தென்படவில்லை. தண்ணீர் வடக்கே இழுத்திருக்கும் என்று டில்லிபாபு படகை இடப்பக்கம் திருப்பினார். எழுந்து நின்று, சிவப்பாக ஏதாவது இருந்தால் வீசுங்கள் என்று அன்புக்கரசி ஃபோனில் சொல்லப் போனாள். அதற்குள் டில்லிபாபுவே, “தோ, அங்க” என்று கையைக் காட்டினார். வெள்ளைப் படகு. அதில் ஒருவர் துண்டை வீசிக்கொண்டிருந்தார்.

பக்கத்தில் போனதும் முத்துகிருஷ்ணன் அழாத குறையாகக் கும்பிட்டார். சுந்தரவல்லி அன்புக்கரசியை உற்றுப் பார்த்து, “வாந்தி எடுத்தியோ?” என்று கேட்டு, தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். காப்பாற்ற வந்தவள் அதை வாங்கிக் குடித்தாள். இரண்டு பெண்களும் சிரித்துவிட்டார்கள்.

டில்லிபாபு சுருக்கமாகப் பேசினார். “சார், ரெண்டு பேரும் பின்னாடி போய்க் குந்துங்க. முன்னாடி கனம் இருந்தா மூக்கு தண்ணிய வெட்டும், போட்டு இங்கயும் அங்கயும் ஓடும். கயிறு விறைக்கும்போது யாரும் கயித்துகிட்ட கைய வெக்காதீங்க.” கட்டைப்பைகளை மேலே இழுத்தபோது கடைப் பெயர் சாயம் போகாமல் இருந்தது. “நல்ல சரக்கு” என்றார்.

திரும்பி வர ஒன்றரை மணி நேரம். எதிர்க்காற்று. வேகமாக இழுத்தால் கயிறு அறுந்துவிடும். அன்புக்கரசி பின்பக்கமாகத் திரும்பி உட்கார்ந்து, கயிறு தளர்ந்தால் “மாமா, மெதுவா” என்றும், விறைத்தால் “போவலாம்” என்றும் சொல்லிக்கொண்டே வந்தாள். நடுவழியில் டில்லிபாபு திரும்பாமலே பேசினார்.

“அந்தப் பத்திரிகையில உங்க பேரு நான் எழுதித்தான் குடுத்தேன். அச்சானப்புறம் படிச்சுப் பாக்கல. அது என் தப்புதான்.”

எஞ்சின் சத்தத்தில் கேட்காத மாதிரி இருந்திருக்கலாம். அவள் அப்படிச் செய்யவில்லை.

“நாங்களும் கண்ணாலத்துக்கு வந்துருக்கணும் மாமா. பொண்ணு இன்னா பண்ணுச்சி” என்றாள்.

கரையில் டிராக்டர் வந்து வெள்ளைப் படகை மணலுக்கு இழுத்தது. எஞ்சினில் பெட்ரோலோடு தண்ணீர் கலந்திருந்தது, வேறொன்றும் பெரிதாக இல்லை. டீசலுக்கு ஆனதை டில்லிபாபு வாங்கிக்கொண்டார். அதற்கு மேல் முத்துகிருஷ்ணன் நீட்டியதைத் தள்ளிவிட்டார். கொண்டு வந்த சாப்பாட்டை நான்கு பேரும் படகு நிழலில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். புளியோதரையும் உருளைக்கிழங்கு வறுவலும். அன்புக்கரசிக்கு இரண்டு கவளத்துக்கு மேல் இறங்கவில்லை. மணல் இன்னும் அவளுக்கு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

பாலு பன்னிரண்டு மணிக்கு மேல்தான் கரை சேர்ந்தார். அதற்குள் கரையே அவருக்குக் கதை சொல்லிவிட்டது. கோபமாக ஏதோ சொல்ல வாயெடுத்தார். அண்ணன் படகு ஓரம் அவள் உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் அதை விட்டுவிட்டார். கூடையிலிருந்து பெரிய கொடுவா ஒன்றை எடுத்து, “அண்ணி கையில குடுத்துடு” என்று டில்லிபாபுவிடம் நீட்டினார். அவர் வாங்கிக்கொண்டார். அந்த இரண்டு பேரும் சமாதானமானது அவ்வளவில்தான்.

இதையெல்லாம் எனக்குச் சொன்னது, அன்புக்கரசி மனம்விட்டுப் பேசும் முனியம்மாள். அன்புக்கரசியிடம் கேட்டால், “ஒருவாட்டி போனேன், வாந்தி எடுத்தேன்” என்பதோடு முடித்துவிடுவாள். மறுபடி அவள் படகில் ஏறவில்லை. ஏறச் சொல்லி யாரும் கேட்கவும் இல்லை.

ஆனால் ஒன்று மாறியது. அந்த வாரமே சுந்தரவல்லி கணவரை நீளமான நங்கூரக் கயிறு வாங்க வைத்தாள். அடுத்த சனிக்கிழமை மாலை அன்புக்கரசிக்கு ஃபோன் செய்தாள். “நாளைக்குக் காலையில இறக்கலாமா தங்கச்சி?”

“வேணாங்கா. மேல்காத்து இன்னும் கீது. இன்னும் ஒரு மாசம் போவட்டும்.”

சுந்தரவல்லி அதை டாக்டரின் குழுவில் போட்டிருக்கிறாள். இப்போதெல்லாம் சனிக்கிழமை மாலையானால் மீன் அன்புவின் ஃபோன் அடித்துக்கொண்டே இருக்கும். போகலாமா, வேண்டாமா என்று கேட்பார்கள். கையில் நண்டை வைத்துக்கொண்டே கடலைப் பார்த்துச் சொல்வாள். இந்த வருடம் ஆனி மாதம் முழுக்கக் கயிறு எடுத்துப் போகும் வேலை பாலுவுக்கு ஒருமுறைகூட வரவில்லை.

போன வாரம் நான் சங்கரா வாங்க நின்றபோதுகூட யாரோ கூப்பிட்டார்கள். “ஒம்போது மணிக்குள்ள திரும்பிடுங்க சார்” என்றாள். பிறகு என்னிடம் திரும்பி, “உனுக்கு தலையோடவா, தலை இல்லாமயா?” என்று கேட்டாள்.