சுற்றி வராத சாலை

செங்கம் சாலையில் புதிதாக முளைத்திருக்கும் காபிக் கடைக்குள் நேற்று மழைக்கு ஒதுங்கினேன். சோம்பு போட்ட ரொட்டி வாசனை வந்தது பாருங்கள், அடுத்த நொடி நான் பராகுவே நாட்டில் இருந்தேன். அங்கே போனதில்லை. ஆனால் அதன் இரண்டாம் நம்பர் தேசிய நெடுஞ்சாலையில் வரும் ஊர்களை வரிசையாகச் சொல்வேன்: அசுன்சியோன், காகுபே, கொரோனெல் ஒவியேதோ... நம் வேலூர் சாலையில் சந்தவாசல் முன்னாலா கண்ணமங்கலம் முன்னாலா என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள்.

இதே இடத்தில் ஒரு காலத்தில் ஓர் எஸ்டிடி பூத் இருந்தது. உள்ளே பில் போடும் வேலையில் நான். பக்கத்தில் வாடகை சைக்கிள் கடை காதர் பாய். ஆசிரமத்துக்கு வந்து தங்கியிருந்த பராகுவேக்காரி ரோசா, அப்பாவோடு சண்டை போட்டு வீட்டைவிட்டு வந்தவள். அவர் அந்த நெடுஞ்சாலை ஓரத்தில் சோம்பு ரொட்டி விற்பவர். தினமும் சாயங்காலம் வந்து நம்பரை அழுத்துவாள். அவர் குரல் கேட்டதும் பேசாமல் வைத்துவிடுவாள்.

ஒருநாள் அந்தச் சாலையின் வரைபடத்தை பூத் கண்ணாடியில் ஒட்டினாள்.

"எங்க ஏறினாலும் சுத்தி உங்க ஊருக்கே வந்துடும் இல்ல?" என்றேன். மலையைச் சுற்றியே வளர்ந்தவளுக்கு வேறென்ன தோன்றும்?

சிரித்தாள். ஆற்றுப் பாலத்தோடு சாலை முடிந்துவிடுமாம், அந்தப் பக்கம் பிரேசிலாம். வீட்டுக்குப் போக வேண்டுமென்றால் வந்த வழியே திரும்ப வேண்டுமாம்.

"சுத்தி வராத ரோட்டை எதுக்குமா போட்டாங்க? வேஸ்ட்டு!" என்றார் பாய்.

அடுத்த பௌர்ணமியன்று மத்தியானமே கிரிவலம் கிளம்பினாள். சாயங்காலம் பார்த்தால், மொத்தக் கூட்டமும் ஒரு பக்கம் போக, எதிரே முட்டிமோதிக்கொண்டு வருகிறாள். அடி அண்ணாமலை வரை போய்த் திரும்பிவிட்டாளாம்!

"ஊரே அப்படிப் போவுது, நீ மட்டும் இப்படி வர்றியே! பாதியில திரும்பலாமா?" என்று பாய் தலையில் கைவைத்தார்.

"எங்க ரோடு அப்படித்தான், பாய்!" என்று மூச்சு வாங்கச் சொல்லிவிட்டு பூத்துக்குள் நுழைந்தாள். அன்று வைக்கவில்லை. அழுதாள், சிரித்தாள், மறுபடி அழுதாள். அவளுடைய இங்கிலீஷ் என்னுடைய இங்கிலீஷுக்குப் புரிந்தவரை, அப்பா சொன்னது இவ்வளவுதான்: "பேசாம வெக்கிறது நீதான்னு மூச்சுலயே தெரியும். அதான் தினமும் எடுத்தேன்."

அந்த வாரமே ஊருக்குக் கிளம்பிவிட்டாள். "மீதிப் பாதி சுத்து அப்படியே இருக்குதுமா, வந்து முடிச்சுடு" என்றார் பாய். வரவில்லை.

பாயும் இல்லை, சைக்கிளும் இல்லை, வரைபடம் ஒட்டிய கண்ணாடியும் இல்லை. இப்போதெல்லாம் போன் அடிக்கும்போதே பெயர் தெரிந்துவிடுகிறது. மூச்சை வைத்து மகளைக் கண்டுபிடிக்கும் வேலை எந்த அப்பாவுக்கும் இல்லை.